போக்குவரத்து நோட்டு

ஆடி பிறந்து, மேட்டூர்த் தண்ணீர் வந்து, முக்கொம்பில் கதவுகளைத் திறந்துவிட்டு, காவேரியும் கொள்ளிடமுமாகச் சேர்ந்து ஸ்ரீரங்கத்தை அப்படியே அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அந்த ஊரின் மூலத்தோப்பில் குடியிருந்த ஆனந்தவள்ளி ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் குடித்து உயிர் வாழ்ந்துகொண்டிருந்தாள். விரதம் இல்லை, வேண்டுதல் இல்லை. ஆபீஸ்.

அதிலும் அவள் வேலை பார்த்தது தண்ணீர்க் கம்பெனியில். தில்லைநகரில் ஆர்ஓ மெஷின் விற்று, வீடு வீடாக மாட்டி, ரிப்பேரும் பார்க்கிற கம்பெனி. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில் ஆளுயரப் படம். பல்லெல்லாம் முத்தாக ஒரு பெண் கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்திருப்பாள். கீழே கொட்டை எழுத்தில், ‘தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், நூறாண்டு வாழுங்கள்.’ அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் ஆனந்தவள்ளியின் நாற்காலி.

பதினோரு வருஷமாக அந்த நாற்காலி. கம்ப்ளெய்ன்ட் போன் அவளுடையது. மெஷின் ஓடவில்லை என்று யாராவது கூப்பிட்டால், “மெஷின் பக்கத்துல போன வைங்கம்மா” என்பாள். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் கேட்பாள். “பம்பு நல்லாத்தான் இருக்கு. பின்னாடி பைப்பு மடங்கியிருக்கும் பாருங்க. ஃபிரிட்ஜ யாரோ நகத்தியிருக்கீங்க” என்பாள். உறையூரில் ஃபிரிட்ஜ் நகர்ந்தது தில்லைநகரில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த வீட்டில் மூன்று நாள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். திருச்சியில் பாதிச் சமையலறைகள் அவளுக்குக் காதாலேயே பழக்கம். நாற்பத்தோரு வயதில் அவளுக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். இது அந்த ஒரு ஆபீசில்தான் செல்லுபடியாகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதலாளி ரங்கசாமி இருந்தவரை ஆபீஸ் ஆபீசாக இருந்தது. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டோடு உட்கார்ந்தார். சென்னையிலிருந்து மாப்பிள்ளை சுரேஷ்குமார் வந்து அவர் சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் வாரம் கேமரா வந்தது. ஏழு பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு ஒன்பது கேமரா. மெஷின் மாட்டப் போகிற மெக்கானிக் சர்ஃபராஸ்தான் காரணம் கண்டுபிடித்தான்.

“ஏழு கேமரா நம்மளப் பாக்கும் அக்கா. எட்டாவது அந்த ஏழையும் பாக்கும். ஒம்பதாவது பெரியவரு வீட்லேர்ந்து, மாப்பிள்ள இங்க இருக்காரான்னு பாக்கறதுக்கு.”

சர்ஃபராஸ் ஒரு ஸ்க்ரூ மாட்டினால் மூன்று போட்டோ அனுப்பவேண்டும். மாட்டுவதற்கு முன், பாதி மாட்டியதும், முழுக்க மாட்டியதும். “என் நிக்காஹ்வுக்கே இத்தன போட்டோ எடுக்கல” என்று புலம்புவான். பில் போடுகிற சம்ரீன் ஸ்டேப்ளர் பின் அடித்தால், பின் சாய்ந்திருக்கிறது என்று பிரிக்கச் சொல்வார் சுரேஷ்குமார். மறுபடி அடித்தால், ரொம்ப நேராக இருக்கிறது என்பார். ஆனந்தவள்ளி போனில் சொல்கிற ‘வணக்கம்’ இரண்டு நொடிக்குள் முடியவேண்டும். ஒருநாள் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வணக்கம் சொல்வதற்கே வாய் வறண்டது.

மூன்றாவது வாரம் ஒரு நோட்டு வந்தது. தடிமனான அட்டை, சிவப்பு முதுகு. மேலே ‘மூவ்மென்ட் ரிஜிஸ்டர்’ என்று எழுதியிருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் பெயர், நேரம், காரணம், விவரம் எல்லாம் எழுதவேண்டும். திரும்பி வந்ததும் வந்த நேரம். பாத்ரூமுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம். சர்ஃபராஸ் அதற்குப் ‘போக்குவரத்து நோட்டு’ என்று பெயர் வைத்தான். அதுவே நிலைத்தது.

தகராறு ‘விவரம்’ கட்டத்தில்தான் ஆரம்பித்தது. முதல் நாள் ஏழு பேரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்கள். ‘போயிட்டு வரேன்.’ யாரும் பேசிவைத்துக்கொண்டு எழுதவில்லை. பேனா தானாக எழுதிவிட்டது. மறுநாள் காலை ஏழு இடத்திலும் சிவப்பு மையில் சுழித்திருந்தது.

“என்ன இது?” என்றார் சுரேஷ்குமார். “போறது ஒரு மூவ்மென்ட். வர்றது இன்னொரு மூவ்மென்ட். ரெண்டையும் ஒரே என்ட்ரில போட்டா எப்படி? இன்னும் வரவேயில்ல, அதுக்குள்ள வரேன்னு எழுதினா அது முன்கூட்டிய தகவல். போறப்ப ‘போறேன்’. வந்தப்பறம் ‘வந்தேன்’. சிம்பிள்.”

ஆபீஸ் ஸ்தம்பித்துப் போய்விட்டது.

“சார், போறேன்னு எழுதக்கூடாது சார்” என்றாள் சம்ரீன் மெதுவாக.

“ஏன்?”

“எழுதக்கூடாது சார். எங்க வீட்லயும் சொல்ல மாட்டோம்.”

“இது வீடு இல்ல, ஆபீஸ்.”

அதற்கப்புறம் ஐந்து வாரம் அந்தக் கட்டத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. சம்ரீன் வெறும் ‘வரேன்’ என்று எழுதினாள். சர்ஃபராஸ் ஓர் அம்புக்குறி போட்டான், மறுநாள் அந்த அம்புக்கு இரண்டு பக்கமும் கூர் வைத்தான். ஆனந்தவள்ளி பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சிவப்புச் சுழி. யாரும் அந்த மூன்றெழுத்தை மட்டும் எழுதவில்லை. எழுந்தால்தானே எழுதவேண்டும்? ஆனந்தவள்ளி எழுவதை நிறுத்தினாள். எழாமல் இருக்கவேண்டுமானால் குடிக்காமல் இருக்கவேண்டும். காலையில் மாத்திரை போட அரை டம்ளர், ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர். ஒன்றரை.

இந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தது மூன்று பேர். புருஷன் நவநீதன் பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய அக்கா பொன்னுத்தாய் பத்தொன்பது வருஷமாகத் தம்பி வீட்டோடு இருக்கிறவள். சமையல் அவள் ராஜ்ஜியம். போக்குவரத்து நோட்டின் கதையை ஒருநாள் ஆனந்தவள்ளி சொன்னபோது, பொன்னுத்தாய் தோசைக் கரண்டியோடு அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

“போறேன்னா? எழுதச் சொல்றானா? வள்ளி, அந்த வார்த்தை என்னன்னு என்னக் கேளு. இதே மாதிரி தோசதான் வாத்துட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரரு சட்டைய மாட்டிக்கிட்டு வந்து, ‘பொன்னுத்தாயி, போறேன்’னாரு. வாய் தவறிச் சொல்றாருன்னு நெனச்சு, ‘போயிட்டு வரேன்னு சொல்லுங்க’ன்னேன். நின்னு, நிதானமா, மறுபடியும் ‘போறேன்’னாரு. மனுசன் பொய் சொல்லல. துறையூர்ல இன்னொருத்திகூட மூணு புள்ள பெத்துட்டு நல்லாத்தான் இருக்காரு.”

“தோசை என்னாச்சு அண்ணி?”

“தீஞ்சு போச்சு. அத வேற நானே தின்னேன்.”

“எங்க ஒர்க் ஷாப்புல எத்தன ஆயிரம் பேர்” என்றார் நவநீதன், ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே. “காலைல ஒரு சங்கு, சாயங்காலம் ஒரு சங்கு. ஒருத்தன் எத்தன தடவ ஒண்ணுக்குப் போனான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எண்ணல. ரயிலெல்லாம் ஓடத்தான செய்யுது? சரி, போயிட்டு வரேன்.”

“வாங்க” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் சாயங்காலம், வீட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸில், காவேரிப் பாலத்தின் மேலே, அவளுக்கு இடுப்பின் பின்பக்கம் யாரோ கடப்பாரையை இறக்கியது போல இருந்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே மடங்கிவிட்டாள். கண்டக்டர் விசிலை ஊத மறந்து நின்றார். பாலத்துக்குக் கீழே காவேரி நுரைத்துக்கொண்டு போனது. மேலே இவள் வாயில் எச்சில் ஊறவில்லை.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஸ்கேனைப் பார்த்தார்.

“கல்லு இருக்கு. இன்ஃபெக்ஷனும் இருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவும்மா தண்ணி குடிப்பீங்க?”

“ஒன்ற டம்ளர்.”

“ஒன்ற லிட்டரா?”

“டம்ளர்ங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நவநீதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “என்ன வள்ளி சொல்ற? வீட்ல தண்ணிக்கா பஞ்சம்?”

“எங்கம்மா வேல பாக்கறீங்க?” என்றார் டாக்டரம்மா.

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தண்ணி கம்பெனியிலயா?” என்று அவர் கேட்ட குரலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். “இந்தப் பாருங்க, தினம் மூணு லிட்டர். பகல் பூரா கொஞ்சம் கொஞ்சமா. வந்தா அடக்கவே கூடாது. இப்படியே ஆறு மாசம் போச்சுன்னா கிட்னி போயிடும். விளையாட்டில்ல.”

அன்றிலிருந்து பொன்னுத்தாய் வாழைத்தண்டைக் கையில் எடுத்தாள். வாழைத்தண்டுக் கூட்டு, வாழைத்தண்டுப் பொரியல், வாழைத்தண்டு மோர், காலையில் வெறும் வயிற்றில் சொம்பு நிறைய வாழைத்தண்டுச் சாறு. மூலத்தோப்பைச் சுற்றி இருந்த வாழையெல்லாம் அவளைக் கண்டால் நடுங்கியிருக்கும். கல் இல்லாத நவநீதனின் டிபன் பாக்ஸிலும் அதுவே போனது. “அண்ணே, உங்க அக்கா தோட்டத்தையே அனுப்பிட்டாங்களா?” என்று பொன்மலையில் கேட்கிறார்களாம்.

மூன்றாம் நாள் ஆனந்தவள்ளி டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு சுரேஷ்குமாரின் மேஜை முன்னால் நின்றாள். ராத்திரி முழுக்கப் படுக்கையில் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். அவர் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, கால்குலேட்டரை எடுத்தார்.

“மூணு லிட்டர். ஒரு தடவைக்கு முன்னூறு மில்லின்னு வெச்சா பத்து தடவ. பத்தஞ்சு அம்பது நிமிஷம். தினம்.”

“சார், கல்லு இருக்கு சார். அடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“புரியுது மேடம். உங்க மேல அக்கறை இருக்கறதாலதான் இவ்வளவு யோசிக்கிறேன். காலைல வீட்ல ஒன்ற லிட்டர் முடிச்சுட்டு வந்துடுங்க. சாயங்காலம் போயி மிச்சம் ஒன்ற லிட்டர். ஆபீஸ் டைம்ல வேணாம்.”

ஆனந்தவள்ளியின் தலை தானாகத் திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாக, தன் நாற்காலிக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தது. அவரும் அவள் பார்வை போன வழியே பார்த்தார்.

“அது கஸ்டமருக்கு மேடம்” என்றார்.

அவள் வெளியே வந்தாள். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள். வயலூர் ரோட்டிலிருந்து ஒரு அம்மா. மெஷின் பக்கத்தில் போனை வைக்கச் சொல்லிக் கேட்டாள். “அடாப்டர் போயிடுச்சும்மா, மத்தியானம் சர்ஃபராஸ் வருவாப்ல” என்று சொல்லிக் குறித்துக்கொண்டாள். வைத்தாள். பிறகு போக்குவரத்து நோட்டைத் திறந்தாள். பெயர் எழுதினாள். நேரம், 11.42. காரணம், தண்ணீர். விவரம் கட்டத்தில் பேனா ஒரு விநாடி நின்றது. பிறகு, தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை காப்பி நோட்டில் எழுதுவது போல எழுதினாள்.

‘போறேன்.’

தன் எவர்சில்வர் டம்ளரையும் டிபன் பாக்ஸையும் பையில் போட்டாள். பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த சம்ரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா!” என்று விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆபீசே உறைந்துபோய்விட்டது. ஃபேன் மட்டும் சுற்றியது, அதுவும் பயந்துகொண்டே.

அப்போது கதவைத் திறந்துகொண்டு சுரேஷ்குமார் வந்தார். கேமராவில் பார்த்திருப்பார் போல. நோட்டைக் குனிந்து படித்தார். முகம் மலர்ந்தது.

“வெரி குட்! எல்லாரும் வந்து பாருங்க. அஞ்சு வாரமா நான் தலபாடா அடிச்சுக்கிட்டது இதத்தான். ஒரே வார்த்த. எவ்வளவு தெளிவா இருக்கு? தேங்க்ஸ் மேடம்.”

செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார். ‘நம்ம ஃபேமிலி’ என்ற வாட்ஸாப் குரூப்பில் போட்டு, ‘இதுபோல் எழுதவும்’ என்று கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். ஆனந்தவள்ளி படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது, அவள் பையில் கைதட்டல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இந்நேரத்துக்கு வந்திருக்க? பர்மிஷனா?”

“இல்லண்ணி.”

“பின்ன, என்ன சொல்லிட்டு வந்தே?”

“போறேன்னு.”

பொன்னுத்தாய் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த வாழைத்தண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. “அந்த வார்த்தையவா? உன் வாயாலயா?”

“கையால, அண்ணி.”

சொன்னபோது சிரிப்புப் போலத்தான் வந்தது. சொல்லி முடித்ததும் ஆனந்தவள்ளி பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வெளியே வைத்தாள். பதினோரு வருஷம். நாளைக்குக் காலையில் எந்த பஸ்ஸில் ஏறுவது? ஊரில் இருக்கிற மெஷின்களின் சத்தத்தையெல்லாம் காதில் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது?

மூன்று மணிக்குச் சம்ரீன் போன் செய்தாள். ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசினாள்.

“அக்கா, அவருக்கு இன்னும் புரியல! பன்னெண்டு மணிக்கு, ‘மேடம் இன்னும் வரலையே’ன்னாரு. ஒரு மணிக்கு ‘அஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சே’ன்னாரு. நாந்தான் மனசு கேக்காம, ‘சார், அக்கா போயிட்டாங்க’ன்னேன். ‘அதான் எழுதியிருக்காங்களே’ங்கறாரு. ‘இல்ல சார், போயிட்டாங்க’ன்னேன். அப்பறந்தான் நோட்ட எடுத்துப் படிச்சாரு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சுக்கா. இங்க போன் அடிக்குது அடிக்குது, நிக்கவேயில்ல. ‘அந்தம்மா இல்லையா, அந்தம்மாகிட்ட குடு’ங்கறாங்க. நான் மெஷின் பக்கத்துல போன வைக்கச் சொன்னேன். கொர்ர்னு கேக்குது. எனக்கு என்னக்கா தெரியும்? பெரியவருக்கு வேற யாரோ சொல்லி, அவரு வீட்லேர்ந்து கத்தறாரு.”

ஐந்தரைக்கு நவநீதன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே காபியை வாய்க்குக் கொண்டுபோய், டம்ளர் ஹெல்மெட்டில் இடித்த பிறகுதான் நினைவு வந்து கழற்றினார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

யோசித்தார். “இன்னும் ஒரு மாசம் பாருன்னு சொல்லியிருப்பேன்.” ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, “சொல்லியிருக்கக் கூடாதுதான்” என்றார்.

ஆறு மணிக்கு வாசலில் நிழலாடியது. சுரேஷ்குமார். கார் சந்துக்குள் நுழையாமல் எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்குளில் சிவப்பு முதுகு போட்ட நோட்டு. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

முதலில் சுதாரித்தது பொன்னுத்தாய்தான். வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர். பெரிய சொம்பில் கொண்டுவந்தாள். ஆடிப் புழுக்கத்தில் அவர் சொம்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். அவள் உள்ளே போய், காலையில் மிஞ்சிய வாழைத்தண்டுச் சாற்றில் மோரும் உப்பும் சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு டம்ளராகக் கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க தம்பி, சூட்டுக்கு நல்லது.” அதையும் குடித்தார்.

“மேடம், சின்ன மிஸ் அண்டர்ஸ்டாண்டிங்” என்று ஆரம்பித்தார். நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். “இந்த என்ட்ரிக்கு எதிர்ல ‘வந்தேன்’ மட்டும் காலியா இருக்கு. நாளைக்கு வந்து அதுல எழுதிட்டீங்கன்னா, இன்னிக்கு அரை நாள் லீவா மாத்திடலாம். மாமாவும் வருத்தப்படறாரு.”

“அந்த நோட்டு இருக்கற எடத்துக்கு நான் வரமாட்டேன் சார்” என்றாள் ஆனந்தவள்ளி.

“நோட்டு வேற, நீங்க வேற மேடம். இது சிஸ்டம். ஒரு ஆளுக்காக சிஸ்டத்த மாத்தினா...”

சிஸ்டத்தைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். பத்தாவது நிமிஷத்தில் காலை மாற்றிப் போட்டார். பன்னிரண்டாவது நிமிஷத்தில் இரண்டு முழங்காலையும் சேர்த்துவைத்துக்கொண்டார். பதினான்காவது நிமிஷத்தில் சிஸ்டம் என்ற வார்த்தையின் நடுவிலேயே நிறுத்திவிட்டார். நெற்றியில் புதிதாக வேர்த்தது.

“இங்க... பாத்ரூம்...”

“கொல்லப் பக்கம் தம்பி” என்றாள் பொன்னுத்தாய்.

அவர் எழுந்தார். நோட்டை நாற்காலியில் வைத்தார். ஆனந்தவள்ளி அதை எடுத்து, புதுப் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினாள்.

“எழுதிட்டுப் போங்க சார்.”

பொன்னுத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சுரேஷ்குமார் ஆனந்தவள்ளியின் முகத்தைப் பார்த்தார். அங்கே கேலி இல்லை. கொல்லைக் கதவைப் பார்த்தார். வாதாட நேரம் இல்லை. பேனாவை வாங்கி, நின்றபடியே, ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, பெயர், 6.24, காரணம், விவரம் என்று கிறுக்கிவிட்டு ஓடினார்.

மூன்று தலைகளும் நோட்டின் மேல் குவிந்தன.

‘போயிட்டு வரேன்.’

திரும்பி வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காரப்போனார். ஆனந்தவள்ளி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, வந்த நேரம் கட்டத்தில் 6.35 என்று எழுதினாள். “பதினோரு நிமிஷம் சார். அஞ்சுதான் லிமிட்டு” என்று சொல்லி, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சுரேஷ்குமார் தன் கையெழுத்தைப் படித்தார். மறுபடி படித்தார். அது வேறு யாரோ எழுதியது போல விரலை வைத்துத் தேய்த்துக்கூடப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அப்படியே எழுந்து வாசலுக்கு நடந்தார். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் தேடியபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“அப்ப... போயிட்டு வரேன்.”

“வாங்க” என்றாள் பொன்னுத்தாய், பழக்கத்தில்.

அவர் சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே திரும்பியதும் நாற்காலியைப் பார்த்துக் கத்திவிட்டாள். “அய்யய்யோ வள்ளி! நோட்ட இங்கயே விட்டுட்டுப் போறான் பாரு! நவநீதா, ஓடிப்போயிக் குடுத்துட்டு வாடா!”

ஆனந்தவள்ளி சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீரை ஊற்றினாள்.

“இருக்கட்டும் அண்ணி. வரேன்னுதான சொல்லிட்டுப் போயிருக்காரு.”